செருப்புக்குக் காவல் நின்றவர்

கிழக்கு பார்த்த கோபுரத்தைப் படம் பிடிக்கக் காலை எட்டரை மணிதான் சரியான நேரம். அதற்கு முன்னால் போனால் எதிர்க்கட்டிடத்து நிழல் விழுந்து பாதிப் பொம்மைகள் இருட்டில் நிற்கும். பத்து மணிக்கு மேல் ஆனால் வெயில் எல்லாவற்றையும் வெள்ளையடித்துவிடும், மூக்கு எது கன்னம் எது என்று தெரியாது. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. போய்ப் போய்த் தெரிந்துகொண்டேன்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இதை யாரிடமும் நான் மறைத்ததில்லை. ஆனால் கோவில் கட்டிடம், மாதாகோவில், பள்ளிவாசல் எதுவானாலும் நின்று பார்க்காமல் என்னால் தாண்டிப் போக முடியாது. அம்பத்தூரில் ஒரு பழைய மாதாகோவிலில் ஜன்னல் வளைவுகளைப் பார்த்துக்கொண்டே அரை நாள் நின்றிருக்கிறேன். அங்கே இருந்த பெரியவர் நான் அழுகிறேன் என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்து போட்டார். பூந்தமல்லிப் பக்கம் ஒரு பள்ளிவாசலில் மரக்கட்டையின் மேல் செங்கல்லை நிறுத்திவைத்துக் கட்டிய கூரை இருக்கிறது. அப்படி ஒரு கூரை போட இன்றைக்கு ஆள் இல்லை. வாசலிலேயே நின்று கழுத்து வலிக்கப் பார்த்தேன்.

படிப்பு மூன்றாவதோடு சரி. பஸ் போர்டு படிப்பேன், எழுத்துக் கூட்டிப் பேப்பர் தலைப்புப் படிப்பேன். கட்டிடம் எனக்கு அப்படி இல்லை, கூட்டவே வேண்டாம், பார்த்தாலே படித்துவிடுவேன். எங்கே பழைய சுவர், எங்கே புதுசாக ஒட்டியது, எந்தக் கொத்தனாருக்குக் கை சுத்தம், எவன் அவசரப்பட்டான் எல்லாம் தெரியும். ஏனென்றால் நான் சித்தாள்.

பதினேழு வயதில் எங்கள் ஊரான பாடியிலிருந்து மேஸ்திரி எங்களை ஒரு கோவில் திருப்பணிக்குக் கூட்டிப்போனார். சவுக்குக் கழியில் சாரம் கட்டியிருந்தார்கள். கோபுரத்தின் மூன்றாம் நிலை வரைக்கும் தலையில் கலவைச் சட்டி ஏற்றினேன். மத்தியானம் கீழே இறங்கி மறுபடி ஏறச் சோம்பல்பட்டு மேலேயே சாப்பிடுவோம். அங்கே ஒரு பெரிய சுதைச் சாமி ஒரு காலை மடக்கி ஒரு காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும். அந்த மடக்கின முழங்காலில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் தூக்குச்சட்டியைத் திறப்பேன். அதற்கு மூக்கு உடைந்துபோயிருந்தது. கொத்தனார் புதிதாக வைத்தார், நான் குழைத்துக் கொடுத்த கலவையில். கும்பாபிஷேகத்தன்று கூட்டத்தோடு கூட்டமாகக் கீழே நின்றேன். தண்ணீர் தெளித்ததும் எல்லாரும் மேலே பார்த்துக் கையெடுத்தார்கள். என் கை எழும்பவில்லை. கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. அந்த மூக்கு நன்றாக உட்கார்ந்திருக்கிறதா என்றுதான் எனக்குப் பார்க்கத் தோன்றியது.

ஆகையால் என் வீட்டுக்காரர்தான் என்னை மாற்றினார் என்று யாராவது சொன்னால் எனக்குப் பிடிக்காது. அவரைப் பார்ப்பதற்கு முன்பே நான் அப்படித்தான். அவர் ஆவடியில் பாதுகாப்புத் துறை தொழிற்சாலையில் வேலை செய்தார். அங்கே குவார்ட்டர்ஸ் கட்ட நாங்கள் போனபோது பழக்கம். யூனியனில் பேசுகிற ஆள். மைக்கைப் பிடித்தால் விடமாட்டார். எங்கள் கல்யாணம் யூனியன் ஆபீஸ் மாடியில் நடந்தது. ஐயர் இல்லை, தாலி இல்லை, இரண்டு மாலை. அன்றைக்கும் மைக் இருந்தது. "எங்க ஊட்ல யாரும் யாருக்காவும் எந்தச் சாமியையும் கும்புட மாட்டோம்" என்றார். நானும் மைக்கை வாங்கி அதையே சொன்னேன். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு அது விளையாட்டு இல்லை. அன்றிலிருந்து நாற்பத்தாறு வருஷம் அந்த வார்த்தையில் நான் நின்றேன்.

அதற்கு நான் கொடுத்தது என் அம்மாவை.

தாலி இல்லாத கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று பாடியிலேயே இருந்துவிட்டாள். எனக்கு மகள் பிறந்தபோது ஆள் அனுப்பினாள். குழந்தைக்கு எங்கள் தெரு அம்மன் கோவிலில் மொட்டை போடட்டும், போட்டால் வந்து பார்க்கிறேன், பேச்சு வார்த்தையும் வைத்துக்கொள்கிறேன் என்றாள். எனக்கு மனசு ஆடியது. பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"போவாதம்மே. ஒருதபா குனிஞ்சா அப்புறம் ஆயுசுக்கும் குனிஞ்சிகினேதான் இருக்கணும். நீ குனியற ஆளா?"

நான் குனிகிற ஆள் இல்லை. போகவில்லை. மகளுக்குப் பதினோரு வயதில் அம்மா போய்விட்டாள் என்று தகவல் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது தூக்கிவிட்டிருந்தார்கள். தெருவில் பூ மட்டும் கிடந்தது. அதை மிதிக்காமல் ஓரமாக நடந்து திரும்பி வந்தேன். அழுதேன். ஆனாலும் நிமிர்ந்துதான் இருந்தேன். இது நான் தெரிந்து கொடுத்த விலை என்று சொல்லிக்கொண்டேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் மார்பில் கட்டி என்று ஆபரேஷன் செய்தார்கள். அக்கம்பக்கத்தில் ஆளாளுக்கு ஒரு திருநீறு கொண்டுவந்தார்கள். "வச்சிக்க யக்கா, ஒண்ணும் ஆயிடாது" என்று கெஞ்சினார்கள். வாங்கவில்லை. டாக்டர் கை நல்ல கை, என் உடம்பு மூட்டை தூக்கின உடம்பு, பிழைத்துக்கொண்டேன். நடக்கச் சொன்னார்கள். வெறுமனே தெருவை அளக்க எனக்குப் பிடிக்கவில்லை. மகள் பெங்களூரிலிருந்து ஒரு போன் வாங்கி அனுப்பினாள். கட்டிடம் பார்க்கப் போகிறேன், படம் எடுத்துக்கொள்கிறேன் என்று அவரிடம் சொன்னேன். யூனியன்காரர், கேலி செய்வார் என்று பயந்துகொண்டுதான் சொன்னேன்.

"போலாம்மே! நீ போய்க் கல்லப் பாரு, நான் செருப்பப் பாத்துக்கறேன்" என்றார்.

எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆவடி கோவில்பதாகையில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேரும் கிளம்புவோம். கையில் ஒரு துணிப்பை, தண்ணீர் பாட்டில், இரண்டு வாழைப்பழம். அவர் கோவிலுக்கு வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நிற்பார். நான் உள்ளே போவேன். சாமியைப் படம் எடுக்கக் கூடாது என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். எனக்கும் அது வேண்டாம். ஆட்களையும் எடுக்கமாட்டேன். யாராவது குறுக்கே வந்தால் போகும்வரை நிற்பேன். தூண், கூரை, சுவர், விமானம், தண்ணீர் விழுகிற கல் கோமுகி, அவ்வளவுதான். போனில் தொள்ளாயிரம் படத்துக்கு மேல் இருக்கிறது, ஒரு மனித முகம் கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது வேலப்பன்சாவடியிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சிவன் கோவில். அதன் விமானம் பின்பக்கம் வளைந்து, யானை படுத்திருக்கிற முதுகு மாதிரி இருக்கும். கல்லை அப்படி வளைத்துக் கட்டுவது லேசு இல்லை. அங்கே மட்டும் மாதம் ஒரு தடவை போய்விடுவோம். அதுவும் அவர் கேட்பதுதான்.

"இன்னிக்கு உன் யானையப் பாக்கப் போலாமா?" என்பார். ஒரு மாதம் செவ்வாய், ஒரு மாதம் வெள்ளி, கிழமைக் கணக்கே கிடையாது. எனக்காக நினைத்துக் கேட்கிறாரே என்று இருக்கும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் தினக் காலண்டர் உண்டு. மளிகைக்கடையில் கொடுப்பது. தினமும் காலையில் தாளைக் கிழித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சத்தமாகப் படித்துக் கிண்டல் செய்வார். "ராகு காலமாம்மே, வெளிய போனா பஸ்ஸு மோதிடுமாம்! இன்னிக்குத் துலாத்துக்கு லாபமாம், யாரும்மே இங்க துலாம்?" என்பார். நான் டீ போட்டபடியே சிரிப்பேன். நாலு வருஷமாகச் சிரித்தேன்.

இந்த வருஷம் அந்தச் சிவன் கோவிலில் முன்கோபுரத்துக்குச் சாரம் கட்டிவிட்டார்கள் என்று ஷேர் ஆட்டோவில் பேச்சு வந்தது. பெயிண்ட் அடித்துவிட்டால் பழைய சுதையின் அடையாளமே போய்விடும். பச்சைக் கன்னமும் ரோஸ் காலுமாக ஆக்கிவிடுவார்கள். அதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று மறுநாளே கிளம்பினேன். அன்றைக்கு அவர் பென்ஷனுக்கு உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட பேங்குக்குப் போயிருந்தார். தனியாகவே போனேன். செருப்பை வாசலில் பூக்காரி கடைக்குப் பக்கத்தில் விட்டேன்.

கோபுரத்தை நாலு பக்கமும் எடுத்து முடித்தேன். வந்ததற்கு யானை முதுகையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே போனேன். கூட்டமே இல்லை. குருக்கள் படியில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாங்கோம்மா. என்ன, இன்னைக்கு வந்திருக்கேள்? கேட்டைக்கு இன்னும் ஒம்போது நாள் இருக்கே. சார் வரலையா?"

"எந்த சார்?" என்றேன்.

"நம்ம சார்தான்."

வேறு யாரையோ நினைத்துப் பேசுகிறார் என்று நினைத்தேன். "நான் கும்புட வர்ற ஆள் இல்லிங்க சாமி. கட்டடம் பாக்க வர்றவ" என்றேன்.

அவர் சிரித்தார். பிறகு என் பெயரைச் சொன்னார். முழுப் பெயர். அதோடு சேர்த்து, "கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி. சரிதானே? நாலு வருஷமா மாசா மாசம் நான்தானே அர்ச்சனை பண்றேன். உங்களுக்கு ஆபரேஷன் ஆனதுலேர்ந்து சார் ஒரு மாசம் விட்டதில்லை. நீங்க பின்னாடி படம் எடுத்துண்டிருப்பேள், அவர் இங்க கண்ணை மூடிண்டு நிப்பார்" என்றார்.

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். குருக்கள் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்போல.

"கோவில் கோவிலாப் போய்ப் படம் எடுக்கிறதா வேண்டிண்டிருக்கேளாமே. வித்தியாசமான பிரார்த்தனை. இங்க எல்லார்க்கும் சொல்வேன். அந்த அம்மாவைப் பாருங்கோ, எவ்வளவு பெரிய வியாதி, சுவாமி காப்பாத்தினார், அதுக்குத்தான் இப்படி நடக்கறான்னு."

என் நடை, என் கண், நான் காத்துநின்று எடுத்த தொள்ளாயிரம் படம், எல்லாம் ஒரு வேண்டுதல். என் உடம்பு பிழைத்ததும் என்னுடையது இல்லை. ஊரில் நாலு பேருக்கு நான் கோவில் சாட்சி. வெளியே வந்தபோது பூக்காரி, "ஆயா, தரிசனம் நல்லா ஆச்சா?" என்றாள். அவளும் நாலு வருஷமாக அப்படித்தான் கேட்கிறாள். நானும் தலையாட்டிவிட்டுப் போவேன். தனியாகக் கிடந்த என் செருப்பைப் பார்த்தேன். இத்தனை நாளும் என் செருப்பு இப்படித்தான் யாரும் பார்க்காமல் கிடந்திருக்கிறது.

சாயந்திரம் அவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"யோவ், கேட்டைன்னா இன்னாய்யா?"

"இன்னாம்மே திடீர்னு? ஒரு நட்சத்திரம். எவனோ வேலையில்லாதவன் எழுதி வச்சது."

"எனக்கு இன்னா நட்சத்திரம்?"

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "ஐயரு சொன்னாரா?" என்றார்.

"நான் கேட்டதுக்கு அது பதில் இல்ல. என் பொறந்த தேதியே எனக்குத் தெரியாது. ரேசன் கார்டுல கீறது நீயே குத்துமதிப்பா போட்டது. எனக்கே தெரியாத நட்சத்திரம் உனக்கு எங்கேர்ந்துய்யா வந்துச்சு?"

கடலைத் தோலைக் கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "ஒங்கம்மா சொன்னாங்க" என்றார்.

அர்ச்சனை அந்த இடத்திலேயே எனக்கு மறந்துபோயிற்று.

"எங்கம்மாவ நீ எப்ப பாத்த?"

"கொயந்தைக்கு மொட்ட போட்டப்போ."

மகளுக்கு ஒன்றரை வயதில் தலையில் சிரங்கு என்று சொல்லி, சலூனில் மழித்துக்கொண்டு வந்தார். தலையில் சந்தன வாசனை அடித்தது. சலூனில் பவுடர் போட்டார்கள் என்றார். நான் அந்தத் தலையில் முத்தம் கொடுத்தேன். இப்போது மூக்கில் அந்த வாசனை வந்தது.

"ஒருதபாதானா?"

அவர் அடுத்த கடலையை எடுத்தார். எனக்கே ஒவ்வொன்றாக விளங்க ஆரம்பித்தது. சனிக்கிழமை சனிக்கிழமை மகளை டிராயிங் கிளாஸ் என்று பாடிக்குக் கூட்டிப்போவார். அஞ்சு வருஷம் போனாள். அவளுக்கு ஒரு கோடு நேராகப் போட வராது. வாத்தியார் சரியில்லை என்று நான்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

"என்னப் பத்திக் கேட்டுச்சா எங்கம்மா?"

"ஒவ்வொரு தபாவும் கேப்பாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"வரமாட்டா, புடிவாதக்காரின்னு சொன்னேன்." தலையை நிமிர்த்தாமல் சொன்னார். "சிரிப்பாங்க. என் வயித்துல பொறந்ததாச்சேன்னுவாங்க."

"போவாதேன்னு சொன்னது நீதானேய்யா?"

"ஆமா."

"அங்க போய் அவ வரமாட்டான்னு சொன்னதும் நீதானே?"

அவர் அழ ஆரம்பித்தார். எழுபத்திரண்டு வயது ஆள் வேர்க்கடலைத் தோலைப் பார்த்துக்கொண்டு அழுதார். "எனக்கு அப்பவே பயம்மே. கொயந்தைக்கு ஜுரம் வந்தாலே பயம். ஒங்கம்மா மொட்ட போடுன்னாங்க, போட்டுட்டேன். ஆனா நீ அசையாம நின்னுகினு கீற பாரு, அதப் பாத்துதான் நான் மைக்ல பேசுனேன். எல்லாரும் உன் பொஞ்சாதியப் பாருய்யான்னு சொல்லுவானுங்க. நீயும் போயிட்டா எனக்கு இன்னா கீது?"

ஊருக்குக் காட்ட அவருக்கு அசையாத ஒரு கல் வேண்டியிருந்தது. அது நான். கும்பிட்டுக்கொள்ள ஒரு கோவில் வேண்டியிருந்தது, அதற்கு அவர் தனியாகப் போய்க்கொண்டார். பயந்தேன் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் நான் இரண்டு திட்டுத் திட்டிவிட்டு, வாய்யா என்று நானே பாடிக்கு பஸ் ஏறியிருப்பேன். ஏறியிருப்பேனா? இதைக்கூட இப்போது என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அந்த நிச்சயத்தையும் எடுத்துக்கொண்டுவிட்டார்.

மகளுக்குப் போன் போட்டேன். "பாடியில ஆயாவப் பாத்துகினு இருந்தியா?" என்று மட்டும் கேட்டேன். "அப்பா சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார்ம்மா. சின்னப் பொண்ணுதானே நான்" என்றாள். வளர்ந்தபிறகும் சொல்லவில்லையே என்று நான் கேட்கவில்லை. "ஆயா உன்ன மாதிரியே தலைய சாச்சுப் பாக்கும்மா" என்றாள். போனை வைத்துவிட்டேன்.

ஒன்பது நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. சோறு ஆக்கினேன், வைத்தேன். காலண்டர் தாளை அவர் கிழிக்கவில்லை. நான்தான் கிழித்தேன். பொடி எழுத்து எனக்கு லேசில் வராது. ஜன்னல் ஓரம் வைத்துக் கூட்டிக் கூட்டி, "கே... ட்... டை" என்று பத்தாவது நாள் படித்தேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார். போனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

குருக்களிடம் போய், "என் பேர்ல பண்றத நிறுத்திடுங்க சாமி. நான் கேக்கல, எனக்கு வாணாம்" என்றேன்.

அவர் பாவம், பதறிப்போனார். "அப்படியெல்லாம் சொல்லப்படாதும்மா. உங்க நன்மைக்குத்தானே. கேட்டவர் அவர், நிறுத்தச் சொல்றதுன்னா அவர்தான் சொல்லணும்."

என் பெயர். ஆனால் நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. சரி என்று மண்டபத்தில் மூன்றாம் தூணுக்குப் பின்னால் போய் நின்றேன். அந்தத் தூணை நான் முன்னால் எடுத்திருக்கிறேன். நல்ல தூண், பதினாறு பட்டை.

வருவார் என்று தெரியும். வந்தார். கையில் அர்ச்சனைத் தட்டு. சட்டையைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார். விபூதி எங்கே இருக்கிறது என்று தேடவில்லை, கை தானாகப் போய் எடுத்தது. அவ்வளவு பழக்கம். குருக்கள் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், தட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். என் வீட்டுக்காரர் என் பெயரைச் சொன்னார். வீட்டில் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, எப்போதும் ஏம்மேதான். அந்தக் கல் மண்டபத்தில் என் பெயர் எனக்கே வேறு யாரோ ஒருத்தியின் பெயர் மாதிரிக் கேட்டது. கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார்.

போனைத் தூக்கி எடுத்தேன்.

டிக்கென்று சத்தம் வந்தது. கண்ணைத் திறந்து திரும்பினார். கூப்பின கையைப் பிரிக்க அவருக்குத் தோன்றவில்லை. வெளியே வந்தேன். பூக்காரி கடைக்குப் பக்கத்தில் அவர் செருப்பு கிடந்தது. இடது வார் பிய்ந்து ஊக்குப் போட்டிருந்த செருப்பு. அதற்குப் பக்கத்தில் நின்று பழக்கம் எனக்கு இல்லை. என்னுடையதை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

இப்போதும் கட்டிடம் பார்க்கப் போகிறேன். தனியாகப் போகிறேன். செருப்பைப் பையில் போட்டு உள்ளேயே எடுத்துப்போகிறேன், யாராவது கேட்டால் திருப்பிப் பேசுகிறேன். அவர் வாசல் வரை வந்து, "நானும் வரவாம்மே?" என்பார். "நீ உன் நாள்ல போ" என்பேன்.

அந்தப் படம் போனில் இருக்கிறது. நல்ல படம் இல்லை. அவசரத்தில் எடுத்தது, தூண் சாய்ந்து விழுந்திருக்கிறது, ஓரத்தில் என் விரல் வேறு. சாய்ந்த படத்தை நான் வைத்துக்கொள்வதில்லை, அன்றைக்கே அழித்துவிடுவேன். இதை அழிக்கவில்லை. இத்தனை வருஷத்தில் என் கண் முன்னால் அவர் உண்மையாக நின்றது அந்த ஒரு படத்தில்தான்.